உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது

அலுவலகத்திலோ கல்லூரி லேபிலோ இருக்கும் கணினியில் குரோமைத் திறந்து, வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்திப் பாருங்கள். வரும் பட்டியலில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று ஒரு சின்ன வரி இருக்க வாய்ப்பு அதிகம். 2019-ல் வந்த 73-ஆம் பதிப்பிலிருந்து கூகுள் இதைக் காட்டி வருகிறது. ஹோம் பேஜை மாற்றப் போனால் மாற்ற முடியாது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்காது. எக்ஸ்டென்ஷன் எதையாவது நிறுவப் போனால், அட்மின் தடுத்திருக்கிறார் என்று கைவிரித்துவிடும். எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது அந்த ஒரு வரிதான். யார் அந்த அட்மின், எதற்காகத் தடுத்தார் என்பது மட்டும் பெரும்பாலும் எங்கேயும் எழுதியிருக்காது.

அட்மின் பக்கத்து நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஐநூறு கணினிகள் உள்ள ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலாவியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு செட்டிங்கை அணைத்து வைத்தால், திருத்தம் வரும்வரை தப்பிக்கலாம். ஒவ்வொரு மேசையாகப் போய் அணைத்தால், கணினிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 2500 நிமிடம், அதாவது 41 மணி நேரத்துக்கு மேல். ஒரு வார வேலை போச்சு. அதற்குள் முதல் மேசைக்காரர் அதைத் திரும்பவும் போட்டு வைத்திருப்பார்!

விண்டோஸ் 2000-உடன் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த குரூப் பாலிசி இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியது. அட்மின் சர்வரில் ஒரு விதியை எழுதி வைப்பார். ஒவ்வொரு கணினியும் 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு அரை மணிக்குள் ஏதோ ஒரு கூடுதல் இடைவெளி விட்டு, "புதுசா ஏதாவது இருக்கா?" என்று சர்வரிடம் போய்க் கேட்கும். (எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் போய் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் இடைவெளி.) விதி ரெஜிஸ்ட்ரியில் தனி இடத்தில் போய் உட்காரும். உலாவி அதைப் படித்து நடந்துகொள்ளும். சாதாரணப் பயனருக்கு அந்த இடத்தில் எழுத உரிமை கிடையாது. இவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தச் சூட்சுமம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நெருப்புநரியின் கதையைப் பார்த்தால் புரியும். பயர்பாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பரில். 2001-ல் வந்த ஐ.இ. 6 அப்போது ஓட்டை விழுந்த கப்பல். டேப் கிடையாது, ஆக்டிவ்எக்ஸ் வழியாக வைரஸ் உள்ளே வந்து குடும்பம் நடத்தும். வீடுகளில் ஆட்கள் சாரி சாரியாகப் பயர்பாக்ஸுக்கு மாறினார்கள். அலுவலகங்களில் அப்படி நடக்கவில்லை. ஐ.இ.-யில் மட்டுமே ஓடும் உள் இணையதளங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஐ.இ.-யை அட்மின் தன் நாற்காலியிலிருந்தே ஆட்டிவைக்க முடிந்தது, பயர்பாக்ஸை முடியவில்லை.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வந்த ஒரு வழி இருந்தது. 'மோசில்லா.சிஎஃப்ஜி' என்று ஒரு கோப்பு எழுதி, ஒவ்வொரு கணினியிலும் பயர்பாக்ஸ் நிறுவிய ஃபோல்டரில் போட வேண்டும். அந்தக் கோப்பின் முதல் வரியை உலாவி படிக்கவே படிக்காது, ஆகவே அங்கே சும்மா ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் வரியிலேயே விதியை எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். அதோடு அந்தக் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் 13 இடம் நகர்த்தி மறைத்து எழுத வேண்டும், அல்லது மறைக்கவில்லை என்று இன்னொரு கோப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைக்கு ஆகிற காரியமா இது?

இந்த இடைவெளியைக் கூகுள் சரியாகப் பிடித்தது. குரோம் வந்தது 2008 செப்டம்பரில். இரண்டே வருடத்தில், 2010 டிசம்பரில், அலுவலகங்களுக்கென்று எம்எஸ்ஐ நிறுவியும் குரூப் பாலிசி வசதியும் தந்துவிட்டது. அதே 2010-ல் ஐபிஎம் தன் சுமார் 4 லட்சம் ஊழியர்களைப் பயர்பாக்ஸைப் பயன்படுத்தச் சொன்னது. மோசில்லாவுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்குமா? ஆனால் அடுத்த வருடமே ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று வேகமெடுத்து, மார்ச்சில் வந்த பயர்பாக்ஸ் 4-ஐ ஜூனில் கைகழுவியது. புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்க்கவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் அலறின. பெரிய நிறுவனங்கள் எங்கள் இலக்கு இல்லை என்கிற தொனியில் மோசில்லா தரப்பிலிருந்து பதில் வர, இன்னும் கொதித்தார்கள். 2012 ஜனவரியில் நீண்ட ஆதரவுப் பதிப்பு வந்தபிறகு கொஞ்சம் அடங்கியது. குரூப் பாலிசி நேரடியாக வந்ததோ 2018 மே மாதம், பயர்பாக்ஸ் 60-ல். குரோமுக்கு ஏழு வருடத்துக்கு மேல் பின்னால். கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்தபிறகு வந்து சேர்ந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

ஆக, மையமாக நிர்வகிப்பது வேண்டுமா வேண்டாமா என்கிற கேள்விக்கு 2000-களிலேயே பதில் கிடைத்துவிட்டது. வேண்டும். எவ்வளவு என்பதில்தான் வில்லங்கம்.

குரோம் இரண்டு வகை விதிகளை ஏற்கிறது. ஒன்று கட்டாயம், பயனர் மாற்ற முடியாது. மற்றது பரிந்துரை. அட்மின் ஒரு மதிப்பை வைத்துக் கொடுப்பார், பிடிக்காவிட்டால் பயனர் மாற்றிக்கொள்ளலாம். எல்லா விதிகளுக்கும் பரிந்துரை வடிவம் கிடையாது, ஹோம் பேஜ் போன்ற பலவற்றுக்கு உண்டு. லினக்ஸில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்களாகவே இருக்கின்றன. கோப்பை இதில் போடுவதா அதில் போடுவதா என்பது மட்டும்தான் வித்தியாசம். பயர்பாக்ஸிலும் பல செட்டிங்குகளுக்குப் பூட்டியது, பூட்டாதது என்று இரண்டு நிலை உண்டு. இவ்வளவு சுலபமாக இருந்தும் கை தானாகக் கட்டாயத்தின் பக்கமே போகிறது. ஹோம் பேஜ் நிறுவனத்தின் தளமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று பூட்டுவதால் யாருக்கு என்ன பாதுகாப்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் பூட்டுவார்கள்.

காரணம் அட்மினின் குணம் அல்ல, அவர் உட்கார்ந்திருக்கும் இடம். ஒன்றைத் திறந்து வைத்து, அதன் வழியாக ஏதாவது ஆகிவிட்டால், ஏன் திறந்து வைத்தாய் என்று அவரை நிற்கவைத்துக் கேட்பார்கள். ஒன்றை மூடி வைத்ததால் நானூறு பேர் தினமும் ஐந்து நிமிடம் இழந்தால், அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மூடுவதற்குத் தண்டனை இல்லாத இடத்தில் மூடத்தான் செய்வார்கள். மனுஷன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

கடவுச்சொல் சேமிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டப்படும் வசதிகளில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. உலாவியில் சேமித்தால் திருடிவிடுவார்கள் என்பது வாதம். பாதி உண்மைதான். ஆனால் அதை மூடிவிட்டு, பதிலுக்கு வேறு நல்ல கடவுச்சொல் மென்பொருளும் கொடுக்காவிட்டால், இருபது தளங்களில் வேலை செய்பவர் என்ன செய்வார்? ஒரே கடவுச்சொல்லை இருபது தளத்திலும் போடுவார். அல்லது மஞ்சள் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டுவார். பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி-யும் 2017-லேயே, கடவுச்சொல் பெட்டியில் பேஸ்ட் செய்ய அனுமதியுங்கள் என்று சொல்லிவிட்டன. கடவுச்சொல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அது தேவை என்பதே காரணம். அதற்கு முன்பு எழுதிய விதி பல இடங்களில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இப்போது இருப்பவருக்கு அதைத் தொடப் பயம்.

எக்ஸ்டென்ஷன் விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே பூட்டுவதில் நிஜமாகவே நியாயம் இருக்கிறது. நேற்றுவரை நல்ல பிள்ளையாக இருந்த எக்ஸ்டென்ஷனை யாராவது விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்டில் விளம்பரத்தையும் வேவுப் பணியையும் சேர்த்து அனுப்பியது பலமுறை நடந்திருக்கிறது. அதனால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அத்தனையையும் தடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் அனுமதிக்கலாம். சரிதான். ஆனால் அந்த "வேண்டியதை" யார் சொல்வது? கண்பார்வை குறைந்தவர் பக்கத்தைப் பெரிதாக்க வைத்திருந்தது, ஒருவர் தமிழில் தட்டச்சுச் செய்ய வைத்திருந்தது, எல்லாம் ஒரே நட்சத்திரத்தில் காலி. இது வேண்டும் என்று கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரிகூட இல்லாத தடை, அரைகுறை வேலை.

கீழே இருப்பவரின் இந்தத் தவிப்பை அட்மின்களே அனுபவித்த ஒரு சம்பவம் உண்டு. 2019 நவம்பர் நடுவில், பல நிறுவனங்களில் குரோம் திடீரென்று வெள்ளைத் திரையாக நின்றது. எதை அழுத்தினாலும் ஒன்றும் வராது. சிட்ரிக்ஸ், டெர்மினல் சர்வர் என்று ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் இடங்களில்தான் அடி அதிகம். கால் சென்டர் ஊழியர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அட்மின்கள் ராத்திரி பகலாகத் தேடினார்கள். புதுப் பதிப்பு எதுவும் நிறுவவில்லை, விதி எதையும் மாற்றவில்லை, பிறகு எப்படி?

நடந்தது இதுதான். வேறு ஜன்னலால் மறைக்கப்பட்ட குரோம் ஜன்னல் வீணாக நினைவகத்தைத் தின்னக் கூடாது என்று ஒரு புதிய வசதியைக் கூகுள் சோதித்து வந்தது. அதை ஏற்கெனவே நிறுவியிருந்த குரோம்களில் தன் பக்கத்திலிருந்தே இயக்கிவிட்டது. அந்த மாதிரி சர்வர்களில், எதிரே திறந்திருக்கும் ஜன்னலையே மறைந்திருப்பதாக எண்ணி, குரோம் வெள்ளையாகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் கூகுள் சோதனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அட்மின்களின் கோபம் பிழையைப் பற்றியதாக மட்டும் இல்லை. எங்கள் கணினியில், எங்களுக்குத் தெரியாமல், நாங்கள் தடுக்க வழியில்லாமல் எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். அட, இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே! அவர்களுடைய ஊழியர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதுதானே :-)

பின்னர் வந்த குரோம் பதிப்புகளில் இதற்கே ஒரு விதி கிடைத்தது. சோதனைகளை முழுதாக நிறுத்தலாம், அல்லது அவசரத் திருத்தங்களை மட்டும் விடச் சொல்லலாம். அந்த இரண்டாவது தேர்வு ஏன் வேண்டும் என்பதற்கு அதே 2019 மே மாதம் நல்ல உதாரணம். மோசில்லாவின் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகமெங்கும் பயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நாளில் செயலிழந்தன. முதல் திருத்தத்தை மோசில்லா அனுப்பியது தன்னுடைய சோதனைகளை அனுப்பும் அதே வழியாக. அந்த வழியை அடைத்து வைத்திருந்தவர்கள் புதுப் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திறந்து வைத்தால் நவம்பர், மூடி வைத்தால் மே.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நியாயமான நிர்வாகம் என்பது ரொம்பக் கடினமான காரியம் இல்லை. பாதுகாப்பு அப்டேட்டுகள் நிற்காமல் வர வேண்டும், பிராக்ஸி சரியாக இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பட்டியல் வேண்டும். இவற்றைப் பூட்டுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மீதியைப் பரிந்துரையாக வையுங்கள். பூட்டிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன், யார் சொல்லி, என்றைக்குத் திரும்பப் பார்க்கப்படும் என்று மூன்று பதில் எழுதி, ஊழியர்கள் படிக்கும் ஓர் இடத்தில் போடுங்கள். மூன்றாவதற்குப் பதில் எழுத வராத விதி, நிச்சயம் யாரோ எப்போதோ பயத்தில் போட்டதாக இருக்கும். ஒரு தரப்புக்கு இது கூடுதல் வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விதி ஐம்பதிலிருந்து பத்தாகக் குறைந்தால் பராமரிப்பும் சேர்ந்தே குறையும்.

பயனர் பக்கத்திலும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. குரோமில் முகவரி அடிக்கும் இடத்தில் 'குரோம்://பாலிசி' என்றும், பயர்பாக்ஸில் 'அபவுட்:பாலிசீஸ்' என்றும் ஆங்கிலத்தில் அடித்தால், அந்தக் கணினியில் உலாவிக்குப் போட்டிருக்கும் விதிகள் பட்டியலாக வரும். இந்தப் பக்கம் பலருக்குத் தெரியாது. சொந்தக் கணினியில், எந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லாத வீட்டில், "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி தெரிந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். சில நேரம் ஆன்டிவைரஸ் போட்ட விதியாக இருக்கும். சில நேரம், அட்மினுக்காகச் செய்த இதே கதவு வழியாக நுழைந்து, நீக்க முடியாதபடி தன்னை நிறுவிக்கொண்ட விளம்பர மென்பொருளாக இருக்கும். அதில் தெரியாத எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் விதி ஒன்று இருந்தால், எக்ஸ்டென்ஷனை மட்டும் நீக்கிப் பயனில்லை. அந்த விதியையும், அதை எழுதிய மென்பொருளையும் சேர்த்து எடுக்க வேண்டும்.