குழு யார் வீட்டில் தங்குவது?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களும் அன்றோடு போயின. வெளிநாட்டு ஊழியக் குழுக்களை ஏற்று நடத்தும் வாசகர்கள் பலர், இனி எப்படி என்று கேட்கிறார்கள். இந்த இதழ் தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்துக்கு முழுமையாகக் கீழ்ப்படிய வேண்டும். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். மேடையேறிப் பேசக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது, சமயப் படம் போட்டுக் காட்டக் கூடாது. இது புதிய விதியும் அல்ல. சாட்சி மட்டும்தானே சொல்கிறார் என்று நம்மில் சிலர் இதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். சாட்சியும் பேச்சுதான். விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேச வேண்டியவர் மிஷனரிகளுக்கான எம் விசா வாங்கி வரட்டும். சபைக்கென்று கொடுக்கிற பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படியான எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு வழியாக மட்டுமே வரட்டும். காணிக்கைப் பையில் டாலர் நோட்டு விழ வேண்டாம். இவற்றில் வாதத்துக்கு இடமில்லை.

சி படிவமும் அப்படியே. வெளிநாட்டவரைத் தங்கவைக்கிறவர், அது ஓட்டலானாலும் ஆஸ்பத்திரியானாலும் சொந்த வீடானாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது முன்பிருந்தே உள்ள கடமை. புதிய சட்டம் அதை இறுக்கிக் கட்டியிருக்கிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்கதேசத்து நோயாளிகளுக்காக இதை அன்றாடம் செய்கிறார்கள். கலவையில் காஞ்சி மடத்துக் குருமார்களின் அதிஷ்டானத்தைத் தரிசிக்க வரும் வெளிநாட்டு பக்தர் ஊருக்குள் ஒரு வீட்டில் இரவு தங்கினால், அந்த வீட்டுக்காரருக்கும் இதே கடமைதான். நமக்கு எதிராக மட்டும் எழுதப்பட்ட சட்டம் இது என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிறவர்கள் அதை நிறுத்த வேண்டும்.

இத்தோடு முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் செய்தது அரசாணை எதுவுமல்ல, நம் பக்கத்திலிருந்தே வந்த சுற்றறிக்கைகள். வெளிநாட்டுக் குழுக்கள் இனி வேலூரிலோ ஆம்பூரிலோ ஓட்டலில் மட்டுமே தங்க வேண்டும், கிராமத்து வீடுகளில் இரவு தங்கவைக்கக் கூடாது என்று நம் வட்டாரத்து ஊழிய அலுவலகங்கள் சில எழுதியிருக்கின்றன. காரணமாகச் சட்டத்தைக் காட்டுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தங்கவைத்தால் தெரிவி என்கிறதே தவிர, தங்கவைக்காதே என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை.

ஒரு குழுவுக்குச் சீஷத்துவப் பயிற்சி எங்கே நடக்கிறது என்பதை நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள். புறப்படுமுன் ஆறு வாரம் கொடுக்கிற வேதபாடக் குறிப்பேட்டில் அது தொடங்கலாம். நடப்பது தங்குகிற வீட்டில். கலவையைச் சுற்றியுள்ள கிராமத்துச் சபை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ அப்பர் தைக்கப் போகும் அக்கா, இருட்டிய பிறகு வந்து அடுப்புப் பற்றவைக்கிறார். விருந்தாளிப் பெண் உதவ எழுந்தால், உட்காரும்மா என்று கையைப் பிடித்து உட்காரவைக்கிறார். கொடுக்க வந்தவள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே ஃபேன் தன் பக்கம் திருப்பப்பட்டிருப்பதை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு அவள் படுத்திருக்கிறாள். தாழ்மையைப் பற்றி எத்தனை பாடம் எடுத்தாலும் இது வராது.

அந்த வீட்டில்தான் தோல் தொழிலின் கணக்கும் புரிகிறது. பாலாற்றுக் கரையில் ஊர்க் கிணறு இருக்கக் குடிக்கிற தண்ணீர் ஏன் கேனில் வருகிறது என்று விருந்தாளி கேட்பார். அங்கிருந்து பேச்சு வளரும். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னதும், 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்ததும், 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் புதைந்து செத்ததும் அந்தப் பேச்சில் வரும். கூடவே, அதே ஆலைகளின் கூலியில்தான் இந்த வீட்டுப் பிள்ளை காலேஜ் போகிறான் என்பதும் வரும். ஓட்டல் அறையில் உட்கார்ந்து ‘பாலாற்றுக்காக ஜெபிப்போம்’ என்று குறிப்புத்தாளில் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது பாதி தெரியாது. அந்த ஜெபம் தானாக யாரோ ஒரு முதலாளியைக் குற்றவாளியாக்கிவிட்டு முடியும்.

தலைமையின் கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. ஓட்டலில் தங்கும் குழுவுக்கு, அதோடு விமானத்தில் வந்தவர்தான் தலைவர். காலை எத்தனை மணிக்கு வண்டி, எந்தக் கிராமம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அவர் சொல்வார். நம் உபதேசியார் வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கூடவே ஓடுவார். வீட்டில் தங்கினால் தலைமை தானாகக் கை மாறுகிறது. எப்போது சாப்பிடுவது, எந்த வீட்டுக்குப் போகலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த விதவையிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதையெல்லாம் வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடமல்ல. திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரும் மருத்துவர்கள். ஒருவர் சவரிராய ஜேசுதாசன், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக இருக்க ஒப்புக்கொண்டு, கதர் உடுத்தி, அதே கூரையின் கீழ் வாழ்ந்தார். அப்போதும் போலீஸ் இருந்தது. 1932-இல் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்றதற்காகச் சென்னையில் போலீஸார் பேட்டனை அடித்தார்கள்; பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை அந்தக் கேள்வி போனது. ஆசிரமம் அவரை ஓட்டலுக்கு அனுப்பிவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவரை எப்படி உருவாக்குவது என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு நான் தரும் முதல் உதாரணம் இதுதான். 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அங்கே அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். திருப்பத்தூரில் நடந்தது வேறு.

நம் வாலிபரை நேபாளத்துக்கு அழைத்துப் போகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். அங்கே நாம்தான் வெளிநாட்டவர். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த நேபாளக் குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடுகடத்தல். நமக்கு ஊர் திரும்ப ஒரு வழி இருக்கிறது. நம்மைத் தங்கவைத்த காத்மாண்டு போதகர் எங்கே திரும்புவார்? ஆகவே அங்கே எந்தத் தெருவில் பாட்டுப் பாடலாம், யாரிடம் பேசலாம், எப்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான். ஆம்பூரிலிருந்து கூட்டிப் போன அண்ணன் அல்ல. இதை விமான நிலையத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தப் போதகர் வீட்டுக் கூடத்தில் படுத்தெழுந்தால் இரண்டே நாளில் புரியும்.

இப்படி இருக்க, கிராமத்து வீட்டை மூடச் சொல்லும் சுற்றறிக்கையின் உண்மைக் காரணம் என்ன? வேலை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. காட்பாடியில் இரண்டு இரவு, கலவையில் மூன்று இரவு, ஆம்பூரில் இரண்டு இரவு தங்கும் ஒரு குழு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று எஸ்.பி. அலுவலகங்களின் வரம்புக்குள் வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டை இணையத்தில் பதிவு செய்து, அனுமதி வந்த பிறகு ஒவ்வொரு விருந்தாளிக்கும் படிவம் ஏற்ற வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் காலனிவாசிக்கு இது எளிதல்ல. இத்தனை கோடி மக்களிடம் 24 மணி நேரக் கெடு விதிக்கிற உள்துறை அமைச்சகம், கிராமத்து மனிதர் தன் மொழியில் படித்து நிரப்ப ஒரு தாளையாவது கொடுத்திருக்க வேண்டும். கடமையைச் சட்டமாக்குவதில் இருக்கிற அக்கறை, அந்தக் கடமையைச் செய்ய வழி காட்டுவதில் இல்லை.

அரசைவிட நம் அலுவலகங்கள் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். அங்கே கணினி இருக்கிறது, ஆங்கிலம் தெரிந்த எழுத்தர் இருக்கிறார், வண்டி இருக்கிறது. குழு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே பாஸ்போர்ட் நகல்கள் அவர்கள் மேஜைக்கு வந்துவிடுகின்றன. அந்த எழுத்தரைக் கிராமத்துக்கு அனுப்பி, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் ஏற்றிக் கொடுக்க ஒரு நாள் போதும். அதைச் செய்யாமல் ஓட்டல் பில்லைக் குழுவின் தலையில் கட்டுவது சுலபமாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக நம் கிராமத்து வீடுகளில் வெளிநாட்டவர் தங்கினார்கள். படங்கள் எடுக்கப்பட்டு அறிக்கைகளில் அச்சாயின. அலுவலகங்களுக்குப் பெயர் கிடைத்தது. அந்த இரவுகளில் எத்தனைக்குச் சி படிவம் ஏறியது என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை. ஏதாவது நடந்திருந்தால் ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருப்பவர் உபதேசியார். இப்போது சட்டம் கண்டிப்பானதும் அவரைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடும் செய்யாமல், அவர் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஏழை வீட்டில் விருந்தாளியை ஏற்கும் மரியாதையும் அவரிடமிருந்து போயிற்று.

சுற்றறிக்கை அனுப்பிய அலுவலகங்களிடம் இந்த இதழ் கேட்பது இது. ஜனவரிக் குழுக்கள் வருவதற்குள் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மூன்று மாவட்டத்துக்கும் தலா ஒருவரைப் பொறுப்பாக்கி, குழுவை ஏற்கும் ஒவ்வொரு வீட்டின் பதிவையும் முன்கூட்டியே முடித்துக் கொடுங்கள். படிவம் ஏறிய ஒப்புகையின் நகல் வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும். படிவம் தாமதமானது என்று எந்த வீட்டுக்காரர் மீதாவது நடவடிக்கை வந்தால், வக்கீல் செலவை அலுவலகம் ஏற்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பதில் வேண்டாம். அந்தச் செலவை உள்ளூர்க் காணிக்கையிலிருந்து கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

— ஆசிரியர்