குளித்த நீரும் கொடையே



காவிரி பாயும் மாவட்டத்தார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் நம் மருங்காபுரி வட்டாரம் வானம் பார்த்த மேட்டு நிலம். பருவமழை பெய்தால் குளம் நிறையும். பொய்த்தால் கிணறும் வற்றும். குழாயில் நீர் வராத நாளில் குடம் சுமப்பவர் யார்? பெரும்பாலும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே அன்றோ!

ஊரக மக்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஐவர் வாழும் இல்லத்துக்கு 275 லிட்டர். அவ்வில்லத்தின் கழிப்பறையில் முறைக்குப் பத்து லிட்டர் கொட்டும் தொட்டி இருந்து, ஒவ்வொருவரும் நாளில் மூன்று முறை பயன்படுத்தினால், 150 லிட்டர் அங்கேயே சென்றுவிடும். அதாவது பாதிக்கும் மேல்! மறுபுறம், கழிப்பறை கட்டியும் ஊற்ற நீரின்றி அதனை விறகு அடுக்கும் அறையாக்கிவிட்ட வீடுகளும் உண்டு. இவ்விரண்டு குறைக்கும் மருந்து ஒன்றே. குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் கழிப்பறைக்குப் பயன்படுத்துவதே அது.

செய்முறை எளிது. துணியைக் கடைசியாக அலசிய நீரையும், குழந்தைகளை அகன்ற பாத்திரத்தில் நிறுத்திக் குளிப்பாட்டிய நீரையும் ஒரு வாளியில் சேர்த்துக் கழிப்பறை அருகே வைத்தால் போதும். அன்றைய நீரை அன்றே செலவிட வேண்டும். தேங்கினால் நாறும், கொசுவும் பெருகும். குழந்தையின் மலத்துணி அலசிய நீரைச் சேர்த்து வைத்தல் ஆகாது. எஞ்சியதை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம், கீரைப்பாத்திக்கு வேண்டாம். குடிநீர்க் குடமும் இவ்வாளியும் ஒருபோதும் மாறிவிடாதபடி தனித்தனியே இருக்கட்டும்.

“அழுக்கு நீரைக் கையாள்வதா?” எனச் சிலர் முகம் சுளிக்கலாம். குளிக்கும் இடத்து நீர் ஓடும் வழியில் வாழை நட்டுக் குலை வெட்டியவர்கள் நம் முன்னோர். நம் உடலைத் தூய்மையாக்கிய நீரை இழிவென எண்ணுவது நன்றியுணர்வுக்கு அழகன்று.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். இப்பணி இல்லத்தரசியின் தலையில் ஏற்றப்படும் மற்றொரு சுமையாகிவிடக் கூடாது. குளித்தவரே வாளியைத் தூக்குக! தந்தை தொடங்கினால் மைந்தர் தாமே பின்தொடர்வர்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகரின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுசெல்ல நேர்ந்தது. பெருநகருக்கு இரயில் வந்தது, சிற்றூருக்கு வருமா?

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நம் ஆண்டவர், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கப் பணித்தார். அப்பங்களைப் பலுகச் செய்யும் வல்லமை படைத்தவரே மிச்சத்தையும் மதித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், தூய குடிநீர் மனிதர் அனைவரின் அடிப்படை உரிமை எனக் கற்பித்ததோடு, நீரைச் சிக்கனமாகச் செலவிடும் சிறு செயல்களையும் உயர்த்திப் பேசினார். நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு குடமும் குழாயடி வரிசையில் நமக்குப் பின்னே நிற்பவருக்கு நாம் செய்யும் நீதி.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், நாளை வாளி தூக்குபவர் யார் என்பதைக் குடும்பமாக அமர்ந்து தீர்மானிப்போமாக.