சுமை இடுப்புக்கு இறங்கட்டும்

பை வாங்க வருகிறவர்கள் முதலில் ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு எத்தனை அறை என்று எண்ணுவார்கள். நிறம் பிடித்திருந்தால் விலை கேட்பார்கள். முதுகில் மாட்டிப் பார்ப்பவர் அபூர்வம். பாரம் வைத்து மாட்டிப் பார்த்தவரை நான் இன்னும் காணவில்லை. மாத்தளை நகரில் பை தைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: வெறும் பை எல்லார் முதுகுக்கும் பொருந்தும். பாரம் ஏறி, மேடு ஏறி, அரை மணி நேரம் போன பிறகுதான் அதன் குணம் தெரியும்.

அந்தக் குணத்தை அறிய வேட்டைக்காரர்களின் பையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அனுமதிச் சீட்டோடு மலைக்கு வேட்டைக்குப் போகிறவர் ஏறும்போது சுமப்பது கொஞ்சம்தான்: தண்ணீர், கத்தி, மழைச்சட்டை, சாப்பாடு. எல்க் மான் ஒன்று விழுந்துவிட்டால் இறங்கும்போது கதை வேறு. எலும்போடு ஒரு பின்னந்தொடையே 30 கிலோ அளவுக்கு வரும். அதே பை, அதே முதுகு, வழியில்லாத சரிவு. இரண்டு பாரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டிய பை அது.

இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் போகிற வெளிநாட்டுக்காரர்கள் அறுந்த வாரோடு என் கடைக்கு வருவதுண்டு. அவர்களில் ஒருவர் கொண்டுவந்தது இப்படியொரு வேட்டைப் பை. வார் தைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் பையை அவிழ்த்து மாட்டி, மாட்டி அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகோடு ஒட்டி ஒரு சட்டம். சட்டத்திலிருந்து பை தனியே கழன்று முன்னே விரிகிறது. நடுவில் உண்டாகும் இடைவெளியில், அடியில் ஒரு தட்டு. இறைச்சி அங்கே உட்கார, அதன்மேல் பை மூடி, பக்கத்து வார்கள் இழுத்து இறுக்குகின்றன. பாரமானது முதுகை ஒட்டியும் இலேசானது வெளியேயும் இருக்கிறது. பாரம் முதுகை விட்டு விலக விலக ஆள் முன்னால் குனிய வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

அதைவிட என் கண்ணில் பட்டது இடுப்புப் பட்டி. உள்ளங்கை அகலம், உள்ளே விறைப்பு, தோலில் படும் பக்கம் மெத்தை. தொப்புளுக்கு நேரே கட்டுகிற பட்டி அல்ல அது. இரண்டு பக்கத்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பிடித்து உட்காருகிறது. சுமையின் பெரும்பங்கு சட்டம் வழியாகப் பட்டிக்கு இறங்கி, அங்கிருந்து காலுக்குப் போகிறது. தோள் வாருக்குப் பாரம் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். பாரம் தாங்கும் ஒவ்வொரு மூட்டிலும் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஒற்றைத் தையலை நம்பவில்லை.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. நோர்வேயைச் சேர்ந்த ஓலே பெர்கன் முதுகின் வளைவுக்கேற்ற சட்டம் வைத்த பைக்கு 1909 இல் காப்புரிமை பெற்றார். வேட்டைக்குப் போய் முதுகு நொந்த அனுபவத்தில் பிறந்த யோசனை அது. 1952 இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டப் பைகளைத் தைத்து விற்கத் தொடங்கினார். பாரத்தை இடுப்புக்கு இறக்கும் முறை அவருக்குப் பிறகுதான் பரவலானது. நூறாண்டுக்கு மேலாக, பொழுதுபோக்குக்கு மலையேறுகிறவரின் முதுகைப் பற்றி உலகம் இவ்வளவு யோசித்திருக்கிறது.

வேட்டைக்கு ஆள் சேர்க்க இதை எழுதவில்லை. 1937 ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இலங்கை. இங்கே மானையும் மரையையும் சுடுவது குற்றம். பன்றிக்கென்று வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிச் சாவதையும் பார்த்துவிட்டோம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மீட்கப்பட்டும் பிழைக்காத கருஞ்சிறுத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். வேட்டை நமக்கு வேண்டாம். அந்தப் பையின் பட்டி மட்டும் வேண்டும். அதுவும் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு வேண்டும்.

எல்கடுவப் பக்கமும் இரத்தோட்டைப் பக்கமும் காலையில் போய்ப் பாருங்கள். உச்சந்தலையில் மடித்த துணி, அதன்மேல் கயிறு, கயிற்றில் தொங்கும் கூடையோ சாக்கோ. என் அம்மா இப்படித்தான் வேலைக்குப் போனார். தலை வாரும்போது உச்சியில் கயிறு பதிந்த இடத்தில் சீப்பை மெதுவாக வைப்பார். எங்கள் லயத்தில் அம்மாக்கள் பலருக்கும் அந்த இடத்தில் முடி குறைவு. அன்றைக்கு அதை யாரும் காயம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை.

பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து கேட்கிறார்கள். அதை ஒரே தடவையில் சுமப்பதில்லை, நாளுக்கு இரண்டு மூன்று நிறுவை உண்டு என்பது உண்மைதான். ஆனால் மழை நாளில் இலையோடு தண்ணீரும் ஏறும். நனைந்த சாக்கும் ஏறும். நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை சுமந்து வந்ததற்குக் கழிவு கிடையாது.

கயிற்றில் சுமப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நேபாள மலைகளில் நெற்றிப் பட்டியில் கூடையைத் தொங்கவிட்டுச் சுமக்கிறவர்களைப் பற்றி 2005 இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் நூற்றுக்கு 93 பங்கையும், பெண்கள் 66 பங்கையும் சுமந்தார்கள். அதற்கு அவர்களுக்குச் செலவான சக்தியும் வியக்கத்தக்க அளவு குறைவு. தோட்ட நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர் இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கலாம். ஆனால் நேபாளச் சுமைகாரர் நடக்கிறார், நிற்கிறார், கையிலிருக்கும் தடியைக் கூடைக்கு முட்டுக்கொடுத்து இளைப்பாறுகிறார். கழுத்தை நேரே வைத்திருப்பதுதான் அவர் வித்தை. கொழுந்தெடுக்கிறவர் அப்படி நிற்க முடியுமா? இரண்டு கையும் மட்டத்துக்கு மேலே ஓடுகின்றன. கண் அரும்பைத் தேடுகிறது. தலை முன்னால் குனிந்தே இருக்கிறது. குனிந்த கழுத்தைப் பின்னாலிருந்து கயிறு இழுக்கிறது. சுமைக்குக் கீழே நாள் முழுக்க நின்று, நுணுக்கமாகக் கைவேலையும் பார்க்கும் தொழில் இது. வெறும் சுமைத்தொழிலுக்கான கணக்கு இதற்குப் பொருந்தாது.

வேட்டைப் பையை அப்படியே கொண்டுவந்து மாட்டவும் முடியாது. இங்கேதான் இறைச்சிக்கும் கொழுந்துக்கும் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் இருக்கின்றன. இரண்டுக்கும் சூடு ஆகாது. விவரம் தெரிந்த வேட்டைக்காரர் இறைச்சியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டமாட்டார். காற்றுப் புகும் துணிப் பையில் போட்டு ஆறவிடுவார். கொழுந்தும் அப்படித்தான். அமுக்கி அடைத்தால் உள்ளுக்குள் புழுங்கிச் சிவந்துவிடும். ஆலைக்குப் போகுமுன்பே தரம் போய்விடும். அந்த வகையில் பழைய மூங்கில் கூடை கெட்டிக்காரத்தனமான சாமான். பின்னலின் இடுக்கு வழியே காற்று ஓடியது. உரச் சாக்கும் பிளாஸ்டிக் சாக்கும் வந்தபோது பை இலேசானது, மலிவானது, ஆனால் இலை மூச்சுவிட வழியில்லாமல் போனது. வேற்றுமை என்னவென்றால் இறைச்சியை இறுக்கிக் கட்ட வேண்டும், கொழுந்தை இறுக்கவே கூடாது. ஆகவே வேட்டைப் பையிலிருந்து சட்டத்தையும் இடுப்புப் பட்டியையும் எடுத்துக்கொண்டு, இழுத்து இறுக்கும் வார்களை விட்டுவிட வேண்டும்.

இதை மனதில் வைத்து, இன்னும் தோட்டத்தில் பேர் போடுகிற என் சின்னம்மாவுக்கு ஒரு பை தைத்தேன். வலைத்துணிப் பை, இலேசான சட்டம், இரண்டு தோள் வார், ஒரு பட்டி. கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இடுப்புல இதக் கட்டுனா படங்க எங்கப்பா கட்டுறது?"

செடி குத்தாமலும் உடை நனையாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு இல்லாமல் மலையில் இறங்க முடியாது. அதற்கு வழி எளிது: பட்டியிலேயே படங்கைக் கொக்கியில் மாட்டிவிடலாம். இரண்டாவது, பையின் வாய். எடுத்த கொழுந்தைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னே எறிவது அவர்கள் பழக்கம். வாய் சுருங்கினால் பாதி இலை தரையில். வாயைச் சுற்றி ஒரு வளையம் வைத்தால் அது விரிந்தே நிற்கும்.

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் எந்த வேட்டைப் பையிலும் எழுதியிருக்காத பாடம். "கொளவி கலஞ்சா ஓடணும். கயிறுன்னா தலைய ஒரு வெட்டு வெட்டுனா கூடை போயிரும். இது போகுமா?"

தேயிலை மலையில் குளவிக் கொட்டுக்குத் தொழிலாளர்கள் இலக்காவதும், உயிர் போவதும் செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆளைப் பையோடு கட்டிப் போடுகிற பட்டி அந்த நேரத்தில் எமன். ஆகவே ஒரே இழுப்பில் கழலும் பக்கிள், இடது கைக்கும் வலது கைக்கும் எட்டுகிற இடத்தில், நனைந்த விரலுக்கும் பிடிபடும் அளவில் இருக்க வேண்டும். மலையில் நிற்காதவன் மேசையிலிருந்து தைத்த பையில் இது வராது. சுமக்கிறவரைக் கேட்டுத் தைத்தால்தான் வரும்.

சுமையைப் பற்றித் தோட்டங்களுக்கு அக்கறையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. அக்கறை இருந்தது, சரக்கின் மேல். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். அன்றைய தோட்டங்களின் விளைச்சலை மாட்டுவண்டி சுமந்தது. 1880 இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்கைக் கம்பியில் வழுக்கி ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. டிரக்டர் வந்தது, லொறி வந்தது. செடிக்கும் மடுவத்துக்கும் நடுவிலுள்ள அந்தத் துண்டு வழிக்கு மட்டும் கழுத்தை விட்டால் வேறு வழி வரவில்லை.

செலவு என்பார்கள். சட்டமும் பட்டியும் பக்கிளும் வைத்த பை சாக்கைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மை. ஆனால் சாக்கு எத்தனை மாதம் தாங்குகிறது, கழுத்து நோவால் எத்தனை பேர் எத்தனை நாள் வேலைக்கு வராமல் போகிறார்கள், புழுங்கிய கொழுந்தால் ஆலையில் எவ்வளவு தரம் போகிறது என்ற மூன்று கணக்கையும் சேர்த்து வைத்துவிட்டு விலையைப் பேசட்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து போகிறது. அந்தக் கொழுந்து முழுவதும் முதலில் ஒரு பெண்ணின் உடம்பில் தொங்கித்தான் ஆலைக்கு வருகிறது.

சம்பளப் போராட்டத்தில் தொழிற்சங்கங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 2021 இல் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று குறைந்தபட்ச நாட்சம்பளம் ஒவ்வொரு படியாக ஏறியதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுமேசைகளில் பை ஒரு பொருளாக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கவ்வாத்துக் கத்தி தொழில் கருவி என்றால் கொழுந்துப் பையும் தொழில் கருவிதான்.

ஆகவே என் கோரிக்கையை அளவு நாடா பிடிக்கிறவனுக்கே உரிய முறையில் நறுக்காகச் சொல்கிறேன். பையைத் தோட்டமே கொடுக்க வேண்டும், கிழிந்தால் மாற்றித் தர வேண்டும். குட்டையான முதுகுக்கும் நெட்டையான முதுகுக்கும் என்று குறைந்தது இரண்டு அளவு வேண்டும். குனிந்தால் பிடரியில் முட்டி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை நாடா பிடித்தால் ஒருவரின் அளவு தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை. பையின் நிறையை ஒரு தடவை உண்மையாக நிறுத்து அதன்மேலேயே எழுதிவிட வேண்டும். கழிவு அந்த அளவுதான், கண் மதிப்பு வேண்டாம். 1925 இலிருந்து தேயிலைச் செடியை ஆராய்ந்துவரும் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம், செடிக்கு எதிரே நிற்பவரின் முதுகையும் ஒரு பருவம் ஆராயட்டும். மாத்தளையில் ஒரு மலையில், ஒரு கொழுந்துக் காலம் முழுக்க, கயிறும் பட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

முடிவைத் தோட்டத் துரை சொல்ல வேண்டாம், பை தைக்கிற நானும் சொல்ல வேண்டாம். கயிறே தேவலை என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் சொன்னால் கயிறே இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களிடம் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டுவிட்டு அடுத்த சாக்குக் கட்டுக்கு ஓடர் கொடுங்கள்.