335 பேர்



சென்ற ஞாயிறு வாலிபர் கூடுகை முடிந்தபின் ஒரு தம்பி தன் கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினான். பிடித்த பலகாரம் எது, மழை நாளில் கேட்கும் பாட்டு எது, எறும்புகள் உறங்குமா என்றெல்லாம் முன்பின் அறியாதவர்கள் கேட்கிறார்கள். இவன் விடை எழுதுகிறான், இவனும் கேட்கிறான். “இதில் என்ன தவறு ஐயா? எனக்கு மறைக்க ஒன்றுமில்லையே” என்றான்.

உடன் ஊழியர் சிலர் இதை வீண்பேச்சு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் அந்நியப் பெண்ணொருத்தியிடம் தண்ணீர்தான் கேட்டார். அவளும் தன் மனத்தில் நெடுநாள் கிடந்த கேள்வியை, எந்த இடத்தில் தொழவேண்டும் என்பதை, அவரிடம் கேட்டாள். அற்பமாய்த் தொடங்கிய பேச்சு அது. ஆனால் கேட்டவர் அவ்வூரில் இரண்டு நாள் தங்கினார் என்பதை மறந்துவிடலாகாது.

நான் எதிர்ப்பது “எனக்கு மறைக்க ஒன்றுமில்லை” என்னும் வாதத்தை. உனக்கு இல்லாதிருக்கலாம், பிறனுக்கு?

2018ஆம் ஆண்டு வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சிக்கென்று சொல்லி முகநூலில் ஒரு குணநலத் தேர்வு வைத்தார்கள். அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே என்று முகநூல் நிறுவனமே அறிவித்தது. அவர்கள் வழியாகத் தகவல் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய நண்பர்களோ 5,62,120 பேர்! இந்த ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவில்லை. அவர்கள் சார்பில் 335 பேர் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். பிறனை நேசி என்ற கற்பனைக்குக் கீழ்ப்பட்டிருக்கிற நாம் இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று கடந்துபோகலாமா?

விருப்பங்களைக் கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களும் உண்டு. 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 58,000க்கும் மேற்பட்டோரின் முகநூல் ‘லைக்’குகளை ஆராய்ந்தார்கள். அவற்றைக் கொண்டே ஒருவருடைய மதம், அரசியல் சார்பு முதலியவற்றைப் பெருமளவு சரியாகக் கணிக்க முடிந்தது. சுருள் உருளைக்கிழங்கு வறுவலை விரும்புவது கூர்மதிக்கு அடையாளமாம்! சிரிப்பு வருகிறது. ஆனால் நாம் சொல்லாததை, நாம் சொன்ன பலகாரத்திலிருந்து அறிந்துகொள்கிறவன் நம் அருகே வந்து தங்குவதில்லை.

நண்பர்களின் தகவலைச் செயலிகளுக்குத் தந்த அந்த வாசலை முகநூல் பின்னர் அடைத்தது. நாமோ தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிகளுக்கெல்லாம் இன்றும் வாசிக்காமலே ‘அனுமதி’ என்று தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். சபை விசுவாசிகளின் எண்களெல்லாம் என் கைப்பேசியில் இருக்கின்றன. நோயுற்றோர், கடன்பட்டோர், ஒருவரும் அறியாமல் ஜெபம் கேட்டு அழைத்தோர் எண்களும்தான். அவர்களில் எவரிடம் உத்தரவு கேட்டேன்?

அந்தத் தம்பியிடம், “இந்தச் செயலி உன் தொடர்புப் பட்டியலைக் கேட்டதா?” என்றேன். தேடிப் பார்த்தான், அனுமதி கொடுத்திருந்தான்.

“எத்தனை பேர் இருப்பார்கள்?”

“எண்ணூறுக்கு மேல் ஐயா.”

“என் எண்ணும் அதில் உண்டோ?”

அவன் கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றான்.