பிரஞ்சு சமத்துவமும் பெண்களும்

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்கள் பிரான்ஸ் தேசத்துப் பொதுக் கட்டிடங்களின் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1789-ம் வருஷத்திய மனித உரிமைப் பிரகடனத்தின் மூலம், மனிதர் யாவரும் பிறப்பிலேயே சம உரிமை உடையவர் என்று உலகறியச் சொன்ன தேசம் அது. பிறவியினால் உயர்ந்தோம் என்று இறுமாந்திருந்த பிரபுக்களின் சலுகைகளை ஒழித்த பெருமையும் அதற்குண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த "யாவரும்" என்பதில் பெண் மக்கள் சேர்ந்தார்களா என்று கேட்கின்றோம்.

சேரவில்லை. 1790-ல் கொந்தொர்சே என்னும் அறிஞர் பெண்களுக்கும் பிரஜா உரிமை வேண்டுமென்று எழுதினார். 1791-ல் ஒலிம்ப் டி கூஜ் என்னும் அம்மையார் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். தண்டிக்கும்போது ஆண், பெண் என்று பாராத சட்டம் உரிமை கொடுக்கும்போது மட்டும் பார்ப்பானேன் என்பது அவர் வாதம். 1793-ல் அவருடைய அரசியல் எழுத்துக்காகப் புரட்சி சர்க்கார் அவர் தலையை வெட்டிற்று. 1804-ல் வந்த நெப்போலியன் சிவில் சட்டமோ, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவள் என்றே விதித்தது. 1848-ல் ஆண்களுக்கெல்லாம் ஓட்டு வந்தது. பெண்களுக்கு அது வர மேலும் 96 வருஷங்கள் ஆயின.

இதற்குக் காரணம் பாதிரிமார்கள் என்று வாசகர்கள் நினைக்கலாம். அதுதான் இல்லை. 1919-ல் கீழ்சபை ஒப்புக்கொண்ட பெண்கள் ஓட்டுரிமையை 1922-ல் செனட் என்னும் மேல்சபை தள்ளிவிட்டது. தள்ளுவதில் முன்நின்றவர்கள், 1905-ல் சர்க்காரையும் மதத்தையும் பிரித்து வைத்த கட்சியைச் சேர்ந்தவர்களே! பெண்கள் பாதிரிமார் கைக்குள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் அது பாதிரிக்குக் கொடுத்ததாகும் என்றார்கள்.

இது என்ன நியாயம்? பெண்களுக்குச் சர்க்கார் உயர்தரப் பள்ளிகளை ஏற்படுத்தச் சட்டம் வந்ததே 1880-ல்தான். அதுவரை அவர்களைக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டுவைத்தவர்கள் யார்? 1848-ல் புதிதாக ஓட்டுப் பெற்ற ஆண்கள் லூயி நெப்போலியனைத் தலைவனாக்கினார்கள். அவன் 1852-ல் சக்கரவர்த்தியாகிக் குடியரசையே விழுங்கினான். அதற்காக ஆண்களின் ஓட்டைப் பிடுங்க வேண்டுமென்று இந்தக் கனவான்கள் சொன்னார்களா? ஆணின் அறியாமைக்கு மன்னிப்பு, பெண்ணின் அறியாமைக்குத் தண்டனையா?

நிற்க, பிறகு நடந்ததென்ன? 1944-ல் உரிமை வந்தது. 1945-ல் பெண்கள் முதன்முதல் ஓட்டளித்தார்கள். அவ்வருஷம் தேர்தலான அரசியல் நிர்ணய சபையில் 33 பெண்களும் இருந்தனர். பெண்களும் ஓட்டளித்து ஏற்ற 1946-ம் வருஷத்திய அரசியல் சட்டத்தில்தான், பிரான்ஸ் மதச்சார்பற்ற குடியரசு என்னும் வாசகமே முதன்முதலாக ஏறிற்று. 1905-ம் வருஷச் சட்டமும் இன்றுவரை நிலைத்திருக்கின்றது. செனட்டர்கள் காட்டிய பூச்சாண்டி எங்கே போயிற்று? ஆயினும் மனைவி வேலைக்குப் போவதைப் புருஷன் தடுக்கலாம் என்றிருந்த விதி 1965-ல்தான் ஒழிந்தது. ஓட்டு ஒன்றினால் எல்லாம் வந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நீரில் இறங்காமல் நீந்தப் பழகியவர் உண்டா? அறிவு வரட்டும், பிறகு உரிமை தருவோம் என்பது, உரிமையை எந்நாளும் தராதிருப்பதற்குச் சொல்லும் சாக்கேயாகும். மதத்தின் பேரால் பெண்ணை அடக்குகின்றவனைவிட, பகுத்தறிவின் பேரால் அடக்குகின்றவன் எவ்விதத்தில் மேலானவன்? பகுத்தறிவு பேசும் ஒவ்வொருவரும் இக்கேள்வியை முதலில் தமது வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.