பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், ரயில் இன்ஜினுக்கு?

"பி.காம். படிக்கிற பயலுக்கு ரயில் இன்ஜினோட என்னடா சகவாசம்?" வகுப்பில் பாதிப் பேர் கேட்டாச்சு. மீதிப் பேர் கேட்காததற்குக் காரணம் மரியாதை இல்லை, நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்ற பயம். ஆனால் மக்களே, இது ரயில் கிறுக்கு பற்றிய பதிவு இல்லை. கணக்கு பற்றிய பதிவு. நாம் மூன்று வருஷமாகப் படிக்கிற அதே டெப்ரிசியேஷன், அதே ஸ்க்ராப் வேல்யூ.

விஷயம் இதுதான். நம் ரயில்வே, ஓடி முடித்த பழைய இன்ஜின்களை வெட்டிப் பழைய இரும்பாக ஏலம் விடுகிறது. அகலப்பாதை ஏறக்குறைய மொத்தமும் மின்மயமாகிவிட்டதால் டீசல்களுக்கு வேலை போய்விட்டது. டீசலே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் மலிவு, புகை இல்லை, நல்லதுதான். ஓய்வு கொடுங்கள். ஆனால் ஒரு வகையையே தடயமில்லாமல் துடைத்துவிட்டு அதை லாபம் என்று எழுதுகிறீர்களே, அந்தக் கணக்கு தப்பு.

முதலில், பழைய இன்ஜினைப் பார்த்தால் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு. இந்த வருஷம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். மேலே மின்கம்பி, வருவதெல்லாம் எலக்ட்ரிக். ஹாரன் அடித்துக்கொண்டு ஒரே மாதிரி வரும், ஒரே மாதிரி போகும். திடீரென்று ஜல்லி வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு ஆல்கோ வந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இன்ஜின் நின்றபடி உறுமும்போது ஒரே சீராக இருக்காது; 'டக... டகடக... டக' என்று மூச்சு வாங்கும். சிக்னல் விழுந்து கிளம்பியபோது, டர்போ வேகம் பிடிக்கிறவரைக்கும் குபுகுபுவென்று கரும்புகை. பிளாட்பாரத்தில் டீ விற்ற பெரியவர்கூட கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, "இது இன்னும் இருக்கா?" என்றார். அவருக்கு மாடல் நம்பர் தெரியாது. ஆனால் எது போய்விட்டது என்று தெரிந்திருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்க முடியாத, டைம் டேபிளில் போடாத காட்சி அது.

நான் செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். இதே போல இன்னொரு ஸ்டேஷனில் படம் எடுத்தபோது, ஒரு காக்கிச்சட்டைக்காரர் என்னவோ வெடிகுண்டு வைத்தவனைப் பிடித்த மாதிரி பிடித்து, படத்தை அழிக்கச் சொன்னார். பத்தடி தள்ளி ஒரு குடும்பமே அதே இன்ஜின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ரயிலை ரசிக்கவில்லை, அதனால் குற்றமில்லை போலிருக்கிறது :-)

சரி, கணக்குக்கு வருவோம்.

புத்தக மதிப்பு பூஜ்யம் என்றால் பொருளின் மதிப்பு பூஜ்யம் என்று அர்த்தமா? முதல் வருஷ மாணவன் எழுதினால்கூட மார்க் போட மாட்டார்கள். டெப்ரிசியேஷன் என்பது, வாங்கிய செலவை அது உழைக்கிற வருஷங்களுக்குப் பங்கு பிரிக்கிற ஒரு வழி. அது மதிப்பீடு இல்லை. கடைசியில் மிஞ்சுகிற ஸ்க்ராப் வேல்யூ என்பது 'உடைத்து விற்றால் என்ன வரும்' என்ற கேள்விக்கு மட்டுமான பதில். 'உடைக்காமல் வைத்தால் என்ன வரும்' என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்று. ஆயிரம் இன்ஜின் இருக்கும்போது ஒன்றை வெட்டினால் போவது ஆயிரத்தில் ஒன்று. கடைசி ஒன்றை வெட்டினால் போவது மொத்தமும். இரண்டுக்கும் ஏலத்தில் ஒரே கிலோ விலை! இதை எந்தக் கடைக்காரனாவது ஒத்துக்கொள்வானா?

கற்பனையில் பேசவில்லை. இந்தத் தப்பை ஏற்கெனவே செய்து, ஏற்கெனவே விலை கொடுத்த நாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டன்.

அங்கே 1968 ஆகஸ்டில் பொதுப் பாதைகளில் நீராவி இன்ஜின்களின் காலம் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளினார்கள். அப்படி வெட்டப்பட்டவற்றில் ஏ1 என்ற வகையும் ஒன்று. 1948, 1949 வருஷங்களில் கட்டிய 49 இன்ஜின்கள். 1966க்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. இரும்பு விலை வந்தது, கணக்கு முடிந்தது.

முடியவில்லை. 1994ல் சில ரசிகர்கள் அதே வகையில் ஐம்பதாவது இன்ஜினைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். பெயர் டொர்னேடோ, எண் 60163. பொதுமக்களிடம் மாதாமாதம் சிறுசிறு தொகையாக வாங்கிக் கட்டி முடிக்க 2008 ஆகிவிட்டது. செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. அதன் பாய்லரைச் செய்ய ஜெர்மனியில் மைனிங்கன் என்ற ஊரிலுள்ள பட்டறைக்குப் போக வேண்டியதாயிற்று. நீராவி இன்ஜினைப் பெற்றெடுத்த நாட்டுக்கு இந்த நிலைமை. வெட்டிப் போட்டது இரும்பை மட்டும் இல்லை, கைத்தொழிலையும்.

இதே பிரிட்டனில் இன்னொரு கதையும் உண்டு. வேல்ஸில் பாரி என்ற கடலோர ஊரில் டாய் உட்ஹாம் என்ற பழைய இரும்பு வியாபாரி இருந்தார். ரயில்வேயிடமிருந்து இன்ஜின்களையும் சரக்கு வேகன்களையும் வாங்கிக் குவித்தார். வேகனை உடைப்பது சுலபம் என்பதால் முதலில் அதைக் கவனித்தார். இன்ஜின்கள் வரிசையாக நின்று உப்புக் காற்றில் துருப்பிடித்தன. அந்தத் தாமதத்தில் ரசிகர்கள் சங்கம் வைத்து, உண்டியல் குலுக்கி, ஒவ்வொன்றாக வாங்கிப் போனார்கள். அந்த யார்டுக்கு வந்தவை 297. பிழைத்துப் போனவை 213! இன்று அங்குள்ள பாரம்பரிய ரயில் பாதைகளில் ஓடுகிற எத்தனையோ இன்ஜின்கள் அந்தத் துருக் குவியலிலிருந்து வந்தவைதான். பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள்.

உண்டியல் குலுக்கியது யார் தெரியுமா? 1942ல் இயன் ஆலன் என்ற ரயில்வே குமாஸ்தா இன்ஜின் எண்களைப் பட்டியல் போட்டு ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதன் பிறகு பிளாட்பார ஓரத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்று எண் குறித்த பையன்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஊரே சிரித்த அந்தத் தலைமுறைதான் வளர்ந்து இன்ஜின் வாங்கியது. 'வெட்டிப் பயல்கள்' இல்லாவிட்டால் 213ம் பிளேடாகவும் ஆணியாகவும் போயிருக்கும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர், நமக்கு எதுக்கு?" என்பீர்கள். நம்மால் முடியாததா? 1855ல் இங்கிலாந்தில் கட்டி இங்கே வந்த ஃபேரி குயின், 1909ல் ஓய்வு பெற்று வெறும் காட்சிப்பொருளாக நின்றது. 1997ல் அதை மறுபடி ஓடவைத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அடுத்த வருஷமே, ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று கின்னஸில் ஏறியது. அதன் கூடப்பிறப்பான இ.ஐ.ஆர். 21க்கும் 2010ல் உயிர் கொடுத்தது அதே பெரம்பூர்தான். ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுத்தது திருச்சி பொன்மலை. ஹரியானாவில் ரேவாரி ஷெட்டில் இருக்கிற 'அக்பர்' என்ற நீராவி இன்ஜின் இந்திப் படங்களில் எல்லாம் வந்து போகிறது. ஆளும் இருக்கிறது, பட்டறையும் இருக்கிறது, வாடகைக்கு எடுக்கிற ஆளும் இருக்கிறான்.

ஆனால் இந்த மரியாதையெல்லாம் நீராவிக்கு மட்டும். டீசலுக்கும் பழைய எலக்ட்ரிக்குக்கும் யார் இருக்கிறார்கள்? டபிள்யூ.டி.எம்.2 என்கிற ஆல்கோ 1962ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2,600 குதிரைத்திறன். அப்புறம் வாரணாசியிலேயே கட்ட ஆரம்பித்து, மொத்தம் 2,600க்கும் மேல் ஓடின. உங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்குப் போனது, சித்தப்பா வேலை தேடி மெட்ராஸ் போனது, அரிசியும் நிலக்கரியும் உரமும் வந்தது, எல்லாம் பெரும்பாலும் இதன் முதுகில்தான். எழும்பூர் - விழுப்புரம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.ஏ.எம்.1 மின்சார இன்ஜினை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை - விழுப்புரம் பாதையைத் தவிர இந்தியாவில் வேறெங்கும் ஓடாத வகை அது. அறுபது வருஷம் கழித்து 'பாரம்பரியம்' ஆகப் போவது இவைதான். அப்போது தேடினால் பிளேடுதான் இருக்கும்.

"ஸ்டேஷன் வாசலில் ஒன்றை நிறுத்தி வைக்கிறோமே" என்று ஒரு பதில் வரும். மேடை கட்டி, கூரை இல்லாமல், வருஷத்துக்கு ஒருமுறை பளபளா பெயிண்ட் அடிப்பது பாதுகாப்பு இல்லை சாமி, தவணை முறையில் சாவு. மழைத்தண்ணி உள்ளே இறங்கும், செம்பும் பித்தளையும் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். கின்னஸில் ஏறிய ஃபேரி குயினிலேயே 2011ல் பாகங்களைத் திருடிவிட்டார்கள் என்றால், முச்சந்தியில் நிற்கிற அநாதை இன்ஜின் எந்த மூலைக்கு?

வெறுமனே திட்டிவிட்டுப் போக விருப்பமில்லை. நான் கேட்பது நாலே நாலு:

1. எந்த வகையானாலும் கடைசி இரண்டை ஏலத்துக்கு அனுப்பாதீர்கள். ஒன்று ஓட, ஒன்று அதற்கு உதிரி பாகம் தர.

2. நிறுத்தி வைப்பதென்றால் தலைக்கு மேல் கூரை போடுங்கள். பெயிண்ட் செலவில் பாதி மிச்சம்.

3. ஏலத்துக்கு முன் ஆறு மாதம் பட்டியலை வெளியிடுங்கள். கல்லூரியோ, நகராட்சியோ, ரசிகர் சங்கமோ அதே இரும்பு விலையைக் கொடுத்து முழுசாக எடுத்துப் போகட்டும். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

4. வருஷத்துக்கு ஒருநாள் லோகோ ஷெட்டைத் திறந்து விடுங்கள். கேமராவோடு வருகிறவனைத் திருடன் மாதிரி பார்க்காதீர்கள். நாளைக்கு உங்களிடம் டிக்கெட் வாங்கப் போகிறவன் அவன்தான்.

"ஏழை நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம்" என்று பின்னூட்டம் வரும், தெரியும். ஏழைக்குத்தான் ஒரு பொருளை இரண்டு தடவை வாங்க வசதி கிடையாது. பாட்டியின் வெண்கலப் பானையைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து அதே பானையை 'ஆன்டிக்' கடையில் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்குகிற குடும்பங்கள் நமக்குத் தெரியும். பானையாவது கடையில் கிடைக்கும். ஆல்கோ கிடைக்காது.

பி.கு: உங்கள் ஊர்ப் பக்கம் ஆல்கோ ஏதாவது இன்னும் நின்றால், எண், தேதி, ஊர் மூன்றையும் பின்னூட்டத்தில் போடுங்கள். பட்டியல் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், இயன் ஆலனையும் பார்த்துச் சிரித்தார்கள்.