பிள்ளையின் பாரத்தை அளந்து போடுங்கள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த மொழி. அரிசிக்கும் காசுக்கும் இந்த மொழியை மறக்காத நாம், பெற்ற பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிப் போடும் பாரத்துக்கு மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

சில காலத்துக்கு முன் சங்க வேலையாகச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் கித்தாத் தோட்டமாக இருந்த இடம், இன்று செம்பனை. தகப்பனார் குலை வெட்டுகிறார், தாயார் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மூத்த மகள் எஸ்.டி.பி.எம். தேறியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஆறாம் படிவம் வரை போன முதல் பிள்ளை.

"பாரம் போட்டாச்சு தம்பி. இனிமே மாரியாத்தா விட்ட வழி" என்றார் தாயார்.

எத்தனை இடத்துக்குப் போட்டாய் என்று மகளைக் கேட்டேன். மூன்று என்றாள். மூன்றும் சட்டப் படிப்பு. "பன்னிரண்டு வரைக்கும் போடலாமேம்மா?" என்றேன். "மத்தது எதுவும் பிடிக்கல மாமா. அதான் விட்டுட்டேன்" என்றாள். மனு செய்யும் தேதி அப்போது முடிந்துவிட்டது.

மூன்றும் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை. இன்று அந்தப் பெண் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் பணம் வாங்கும் இடத்தில் நிற்கிறாள். அவளோடு படித்து, ஏறக்குறைய அதே புள்ளிகள் வாங்கிய தோழி, பன்னிரண்டு இடத்தையும் நிரப்பி அனுப்பினாள். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு மூளையில் இல்லை. பாரத்தில் இருந்தது.

தோழர்களே, நம் அப்பாமார் காலத்துப் பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வாளியைத் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள். பாலில் கித்தா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதில் எத்தனை தகராறு! "கிராணியார் எழுதுறதை எழுதட்டும்" என்று போனவர் சம்பள நாளில் வயிற்றில் அடித்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அன்று தராசு முள்ளைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளையின் பதின்மூன்று ஆண்டுப் படிப்பை நிறுக்கும் தராசை மட்டும் நாம் பார்க்காமல் இருக்கலாமா?

அந்தத் தராசு எப்படி நிறுக்கிறது என்று சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. வழியாக மனு செய்யும்போது பிள்ளையின் தகுதியை 100 புள்ளிக்குக் கணக்கிடுகிறார்கள். அதில் 90 பரீட்சைக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு.

எஸ்.டி.பி.எம். பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி என்றால் 3.00. நான் சொன்ன பெண்ணுக்கு நான்கு பாடம்: ஓர் ஏ மைனஸ், இரண்டு பி பிளஸ், ஒரு பி. கூட்டினால் 13.33. நான்கால் வகுத்தால் சராசரி 3.33. அதை மறுபடி 4 ஆல் வகுத்து 90 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 75. புறப்பாடத்தில் 10க்கு 7 என்று வைத்தால் மொத்தம் 82. இதுதான் அவள் எடை.

இனி, அந்த எடைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று பார்க்க வேண்டும். யூ.பி.யூ. வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் முன்னர் இடம் கிடைத்தவர்களின் சராசரித் தகுதிப் புள்ளி போட்டிருக்கும். உங்கள் பிள்ளை படித்த பிரிவுக்கு உரியதைப் பாருங்கள். அதைத் தப்பாகப் படிக்கவும் கூடாது. 85 என்று போட்டிருந்தால், 85க்குக் கீழே ஒருவரையும் எடுக்கவில்லை என்று பொருள் இல்லை. அது சராசரி. அதற்கு மேலும் ஆள் இருந்தார்கள், கீழும் இருந்தார்கள். ஆகவே 82 வைத்திருக்கும் பிள்ளை 85 உள்ள படிப்பைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். ஆனால் 95க்கு மேல் நிற்கும் படிப்புகளை மட்டும் எழுதிவிட்டு நேர்த்திக்கடன் வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: சிறப்பு நிபந்தனை. ஒரு படிப்புக்குக் கணிதத்தில் கிரெடிட் வேண்டும் என்றிருந்து பிள்ளையிடம் அது இல்லையென்றால், 82 என்ன, 92 இருந்தாலும் அந்தக் கட்டம் வீண். மூயெட் ஆங்கிலத் தேர்வில் எத்தனை பேண்ட் கேட்கிறார்கள், நேர்முகத் தேர்வு உண்டா என்பதையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

என் யோசனை இதுதான். பன்னிரண்டு கட்டத்தில் முதல் மூன்று, பிள்ளையின் ஆசைக்கு. சராசரி கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஆறு, பிள்ளையின் எடைக்குச் சமமானவை. கடைசி மூன்று, எடைக்குக் கீழே, ஏறக்குறையக் கை நழுவாதவை. ஆனால் கடைசிக் கட்டத்திலும் பிள்ளை போகச் சம்மதிக்காத படிப்பை எழுதாதீர்கள். கிடைப்பது ஒரே ஓர் இடம். கிடைத்த பிறகு "இது எனக்கு வேண்டாம்" என்று அழுவதில் பயனில்லை.

நான்காம் படிவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பத்துப் புள்ளியை நாம் சும்மா விடுகிறோம். சீருடைக்குக் காசில்லை, மாலையில் பஸ் இல்லை என்று பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லிவிடுகிறோம். அரைப் புள்ளியில் இடம் தவறிப்போகிற காலம் இது.

"எவ்வளவு கணக்குப் போட்டாலும் நமக்குக் கொடுப்பாங்களா அண்ணே?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். 2002ல் இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதி முறை என்றார்கள். ஆனால் ஓராண்டு மெட்ரிகுலேஷனையும் ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம்.மையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். 2004ல் எஸ்.டி.பி.எம்.மில் முழுப் புள்ளி வாங்கிய 128 பேருக்கு மருத்துவப் படிப்பு முதலில் மறுக்கப்பட்டது நாடறிந்த செய்தி. 2019ல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக்கியபோதும் 90க்கு 10 என்ற பங்கீடு அப்படியே நின்றது. எஸ்.பி.எம்.மில் 10 ஏ வாங்கியவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024ல் அரசாங்கம் அறிவித்தது. அது நல்ல அடிதான். ஆனால் 6 ஏ, 7 ஏ வாங்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது போதாது.

இதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் ஒன்பது கட்டத்தைக் காலியாக விடுவது போராட்டம் ஆகாது தோழர்களே. நமக்கென்று உள்ள இடத்தையும் நாமே தட்டிவிடுவதாகும்.

நம் பேராவிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997ல் பல்கலைக்கழகமானது. தமிழ்மொழிக் கல்வியில் அங்கே பட்டம் வாங்கலாம். ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக். 1969ல் தொடங்கிய இதுதான் நாட்டின் முதல் பொலிடெக்னிக். எஸ்.பி.எம். முடித்து, கையால் வேலை செய்வதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு அருமையான வாசல். "பொலிடெக்னிக்தானே" என்று இளக்காரமாகப் பேசாதீர்கள். கோப்பெங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, ஈப்போவில் ஆசிரியர் கல்விக் கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம். கடைசியாகச் சொன்னது தனியார், கட்டணம் உண்டு.

கவனியுங்கள்: மெட்ரிகுலேஷனுக்கு மனு தனி. ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு மனு தனி. தனியார் பல்கலைக்கழகத்துக்கும் தனி. ஒரு பாரம் போட்டால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும் என்று நம்பி ஏமாந்த வீடுகளை நான் அறிவேன். "பொம்பளப் புள்ள, பக்கத்துல இருக்கட்டும்" என்று பேரா மாநிலத்துக்குள்ளேயே பன்னிரண்டையும் முடக்குவதும் சரியல்ல. நம் பாட்டிமார் கப்பலேறிக் கடல் தாண்டி வந்தவர்கள். பேத்தி பஸ் ஏறி சபாக் பெர்ணம் தாண்டக் கூடாதா?

கடைசியாக, மனத்தை உறுத்தும் ஒரு விஷயம். முடிவு வரும் வாரத்தில் வர்ணத் தாள்களோடு ஏஜெண்டுகள் வருவார்கள். "பரீட்சைப் புள்ளி முக்கியமில்லை, கையெழுத்துப் போடுங்க, சீட்டு ரெடி" என்பார்கள். அன்று எங்கள் தோட்டம் கைமாறியபோது அப்பாவுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் முழுதும் என் அண்ணனுக்காக அப்படியொரு கல்லூரிக்குப் போனது. கடை வீட்டு மாடியில் நடந்த கல்லூரி. இரண்டாம் ஆண்டில் கதவைச் சாத்தினார்கள். அண்ணன் கையில் இருந்த சான்றிதழை எந்த இலாகாவும் ஏற்கவில்லை. அப்பா அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மிச்சம் பிடித்துப் பிள்ளையைத் தனியார் கல்லூரியில் படிக்கவைப்பது யாராலும் ஆகாது. ஆகவே சேமநிதியில்தான் கை வைப்போம். செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுகெலும்பை விற்றுச் சேர்த்த பணம். ஒருமுறை போனால் திரும்பாது. பி.டி.பி.டி.என். பணமும் தானம் அல்ல, கடன். பிள்ளை தலையில் ஏறும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி பெயர் இருந்தால் போதாது. படிப்பின் பெயர் இருக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு அதிகச் செலவில்லாத ஆறாம் படிவம் இருக்கிறது. அது கஷ்டமான பாதைதான், ஆனால் நம் பிள்ளைகள் பலர் பட்டதாரியானது அந்தப் பாதையில்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று கூச்சப்படாதீர்கள். மனு அனுப்புமுன் ஒரு மாலை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நான்கே கேள்வி கேளுங்கள். "உன் புள்ளி மொத்தம் எவ்வளவு? இந்தப் படிப்புக்கு எவ்வளவு போட்டிருக்கு? நிபந்தனை எல்லாம் உங்கிட்ட இருக்கா? பன்னிரண்டும் எழுதிட்டியா?" பதில் தெரியாவிட்டால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் போகட்டும். தோட்டத்திலிருந்து ஏற்கெனவே பல்கலைக்கழகம் போன அண்ணன் அக்காமாரைத் தேடிப் பிடிக்கட்டும். சங்கக் கிளைக்கு வந்தாலும் உட்கார்ந்து கணக்குப் போட நாங்கள் தயார்.

தராசு முள்ளைப் பார்க்காமல் வாளியைக் கீழே இறக்காதீர்கள்.